மாடிப்படியடியில் தொங்கிய சீலை

ஆஸ்பத்திரியில் படுத்தவள் என் மனைவி கலாமணி. படுக்க வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொல்லலாம் என்று விட்டால், அதற்குள் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ளத் தோன்றும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நல்லூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தையல் கம்பெனி இருக்கிறது. முப்பது மெஷின். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறோம். எல்லாம் குழந்தை உடுப்பு. பிறந்த குழந்தையிலிருந்து இரண்டு வயதுவரைக்கும் போடுகிற சட்டை, ஜட்டி, தொப்பி. கீழே தையலும் பேக்கிங்கும், மேலே மாடியில் எங்கள் வீடு.

என் கம்பெனிக்குள் தீப்பெட்டி வரக்கூடாது. கேட்டிலேயே பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். பஞ்சு பறக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். ஆனால் தீயைவிட எனக்குப் பெரிய பயம் வாசம். பனியன் துணி ஒரு வாசத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. பாலித்தீன் கவருக்குள் போட்டு மூடி, கப்பலில் ஒரு மாதம் போய், வெளிநாட்டில் ஒரு தாய் பிரிக்கும்போதும் உள்ளேயே இருக்கும். பீகாரிலிருந்து வந்த ஒருவன் பீடி குடித்துவிட்டுக் கை கழுவாமல் கட்டிங் மேசைக்கு வந்தான் என்று அவனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியவன் நான். அவ்வளவு கறார்.

அந்தக் கறார்க்காரன் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் குடிப்பான் என்பது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மேலே போய் ஹாலில் உட்கார்ந்தேன் என்றால் ஒன்பது, பத்து மணிவரைக்கும் போன்தான். துணி எப்போது வரும், சாயப்பட்டறையில் ஏன் லேட், ஷிப்மென்ட் என்றைக்கு. ஒரு போனுக்கு ஒரு சிகரெட். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். திறந்தால் புகை கீழே பேக்கிங் ஹாலின் வென்டிலேட்டர் வழியாக இறங்கிவிடும். லேபர் பார்த்துவிட்டால் மரியாதை போய்விடும் என்பது இன்னொரு காரணம். சாத்திய அந்த அறையில் என் எதிரே கீழே உட்கார்ந்து கலாமணி காய் அரிவாள், மறுநாள் பேக்கிங் லிஸ்ட் எழுதுவாள், டிவி பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாட் சரக்கு திரும்பி வந்தது. சரக்கைச் சோதிக்க வந்த தம்பி அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து மூக்கில் வைத்தான். "அண்ணா, சிகரெட் வாசம் வருதுங்ண்ணா. பச்சக் கொழந்தை போடறதுங்க. இது போகாதுங்க" என்றான். நான் குதித்தேன். என் கம்பெனியிலா, சிகரெட் வாசமா என்று கேட்டேன். அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பேக்கிங்கைப் பார்ப்பவள் கலாமணி. துணியை மடித்து, நெஞ்சோடு அணைத்து, பெட்டியில் அடுக்குவாள். அவள் சீலையிலிருந்துதான் வாசம் இறங்கியிருக்கிறது.

அப்போது எனக்கு வந்த புத்தியைக் கேளுங்கள். சிகரெட்டை விடவேண்டும் என்று தோன்றவில்லை. மாடிப்படிக்கு அடியில் மெஷின் சாமான் வைக்கிற ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஒரு ஆணி அடித்தேன். துவைத்த நூல்சீலை ஒன்றை அதில் மாட்டச் சொன்னேன். மேலேயிருந்து வந்தால் கட்டியிருப்பதை அவிழ்த்துவிட்டு, கீழே இருக்கிறதைக் கட்டிக்கொண்டுதான் பேக்கிங்குக்குப் போகவேண்டும்.

அவள் சிரித்தாள். "ஏனுங்க, கம்பெனிக்கொரு சீலை, ஊட்டுக்கொரு சீலையா?"

"வாசம் புடிச்சுக்கும் புள்ள, பச்சக் கொழந்தைக்கு ஆகாது. சொன்னாக் கேளு. தெச்ச பீஸ் எதையும் மேல கொண்டாராத."

அவள் கேட்டாள். ஆறு வருஷம் தினமும் மாற்றினாள். அதற்குப் பிறகு ஒரு லாட் கூடத் திரும்பவில்லை. நான் அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மார்கழியில் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. பனிக்காலம், யாருக்குத்தான் இருமல் இல்லை என்று மெடிக்கல் கடையில் சிரப் வாங்கிக் கொடுத்தேன். தை போனது, மாசி போனது, இருமல் போகவில்லை. பதினெட்டுப் படி ஏற நடுவில் இரண்டு தடவை நின்றாள். வயசாகுதல்ல என்றேன். பெருந்துறையில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் நித்யாவும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். "பாப்பாவுக்கு இங்க வந்தாலே சளி புடிச்சுக்குதுங்கப்பா. போன தடவை காதுவலி வேற" என்றாள். "பஞ்சுக்கு அப்படித்தான் இருக்கும் அம்மிணி" என்றேன். எதற்கெடுத்தாலும் பஞ்சு. எனக்கு வசதியான பதில் அது.

ஒரு நாள் காலையில் படியின் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "முடிலீங்க" என்ற ஒரு சொல்லை இரண்டாக உடைத்துச் சொன்னாள். தூக்கிக் காரில் போட்டேன். காரில் பத்து நிமிஷம் போனதும் கொஞ்சம் தெளிந்து, "கார்ல வந்தா மூச்சு லேசாயிருக்குதுங்க" என்றாள். ஏன் என்று எனக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். சாம்பிள் பெட்டி ஏற்றுகிற கார் என்று நான் காருக்குள் மட்டும் குடித்ததே இல்லை.

தனியார் ஆஸ்பத்திரி. வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். டோக்கன் எண் கூப்பிடுகிற வரைக்கும் அவள் என் தோளில் சாய்ந்து, வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். நர்ஸ் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது சொல்லும். எண்ணைப் பார்த்ததும் டோக்கனெல்லாம் போய், சக்கர நாற்காலி வந்தது.

முதல் மூன்று நாள் ஆக்சிஜன், நெபுலைசர். மருந்தை ஆவியாக்கி மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். வெள்ளையாகப் புசுபுசுவென்று வரும். கொஞ்சம் தேறியதும் ஊதும் பரிசோதனை. மூக்கில் ஒரு கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் ஒரு குழாயில் ஊதச் சொல்கிறார்கள். எவ்வளவு வேகமாக, எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும். "ஊதுங்கம்மா, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல, கலாமணி கண் பிதுங்க ஊதினாள். கோடு மேலே ஏறவேயில்லை. மூன்று தடவை ஊத வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று, சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். படம் வரைந்து காட்டினார். மூச்சுக்குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து போகின்றன. அவை வருஷக்கணக்கில் புண்ணாகி, தடித்து, சுருங்கிவிட்டால் உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராது. சிஓபிடி என்று பெயர். மருந்து கொடுத்தால் மூச்சு சுலபமாகும், ஆனால் கெட்டுப்போன பாகம் பழையபடி ஆகாது. சொல்லிவிட்டுக் கேட்டார்.

"சிகரெட் குடிக்கறவங்களுக்குத்தான் இது அதிகமா வரும். அம்மா குடிக்கறவங்க இல்லை. வீட்ல வேற யாராச்சும் பீடி, சிகரெட் குடிப்பாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கலாமணி சொல்லிவிட்டாள். "இல்லீங்க டாக்டரு. எங்கூட்டுல ஆருக்கும் அந்தப் பழக்கம் இல்லீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். இரண்டு விநாடி இருக்கும். நான் மேசையில் இருந்த நெஞ்சுக்கூட்டுப் பொம்மையைப் பார்த்தேன். வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள் என்று இப்போதுதான் எழுதினேன். பொய். திறக்க நேரம் இருந்தது.

"விறகு அடுப்பு?"

"கேஸ்தானுங்க. கீழ தையல் கம்பெனி, மேல ஊடுங்க."

"அப்போ கம்பெனிப் பஞ்சுத் தூசியா இருக்கலாம். மூணு வாரம் கம்பெனிப் பக்கமே இறங்காதீங்க. மாடியிலேயே இருங்க, ரெஸ்ட் எடுங்க."

அவர் பேப்பரில் எழுதியதை வாங்கிக்கொண்டு, அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால், அவளை நஞ்சுக்குள்ளேயே இருக்கச் சொல்லி ஒரு நல்ல டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்த மூன்று வாரம் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஹாலில் குடிப்பதை நிறுத்திவிட்டு சமையலறைக்குப் போனேன். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொண்டு அதற்கு நேராக ஊதினேன். அவளுக்காகப் பெரிய தியாகம் செய்வதாக நினைப்பு. அவள் நிலைமையை நினைத்து மனசு கேட்காமல் முன்பைவிட அதிகமாகவே குடித்தேன். அவள் படுக்கையில் இருந்தபடியே இருமுவாள். இருமி முடித்து, "கீழ ஷிப்மென்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்பாள்.

இருபதாவது நாள் மத்தியானம் சோறு கொண்டு போனேன். உட்கார்ந்தபடி முன்னால் குனிந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி இருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தாள், பேச்சு இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. லேபர் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்கள்.

இந்தத் தடவை ஐசியு. மணிக்கட்டில் ஆழமாக ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். சாதாரண ஊசியைவிட அது ரொம்ப வலிக்குமாம். உள்ளே கரியமில வாயு வெளியேறாமல் தேங்கிவிட்டது என்று அதில் தெரிந்தது. முகத்தை இறுக்கிக் கட்டிய ஒரு மாஸ்க் வழியாக மெஷின் காற்றைத் தள்ளியது. அவள் மூச்சுக்குத் துணையாக மெஷினும் மூச்சு விடும். இதற்கும் கேட்கவில்லை என்றால் தொண்டைக்குள் குழாய் போடவேண்டி வரும் என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது.

நித்யா குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள். அட்வான்ஸ் கட்டு, மருந்து வாங்கு என்று வந்த சீட்டையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டு அலைந்தாள். எனக்குத் தூக்கில் அரிசிம்பருப்புச் சாதம் கட்டி வந்து, "சாப்பிடுங்கப்பா, நீங்க நல்லாயிருந்தாத்தான் அம்மாவப் பாக்க முடியும்" என்றாள்.

மூன்றாம் நாள் கலாமணிக்குக் குளிர்கிறது என்று வீட்டிலிருந்து போர்வை கொண்டு போனேன். வாங்கிக்கொண்ட நர்ஸ் ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போர்வையை மூக்கருகே கொண்டு போனாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சட்டையை மோந்து பார்த்த தம்பியின் முகம் அப்படியே அவளுக்கு இருந்தது.

"என்ன அண்ணாச்சி, போர்வைல சிகரெட் வாடைல்லா அடிக்கு. யாரு குடிக்கா வீட்ல?"

பக்கத்தில் நித்யா. மாஸ்க்குக்குள் கலாமணி கண் விழித்து என்னைப் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள். சொல்லாதீங்க என்கிறாள். அந்த நிலைமையிலும் என் மானத்தைப் பார்க்கிறாள்.

"நான்தானுங்க" என்றேன். "தினமும் ரெண்டு பாக்கெட்டு. ஜன்னலச் சாத்தீட்டு. டாக்டர்கிட்டயும் பொய் சொல்லீட்டோமுங்க."

ஸ்டெல்லா போர்வையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி என் கையில் கொடுத்தாள். "இத வெளிய வச்சிட்டு, கை கழுவிட்டு வாங்க. சட்டைய மாத்தாம பக்கத்துல வராதீங்க" என்றாள். நித்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாப்பாவுக்குப் பஞ்சு சேரலீன்னு சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. ஆனால் தூக்குச் சட்டி மட்டும் வேளாவேளைக்கு என் நாற்காலியில் இருந்தது.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "முன்னாடியே சொல்லியிருந்தா, மூணு வாரம் வீட்டுக்குள்ளயே இருங்கன்னு சொல்லியிருக்க மாட்டேனே சார்" என்று அவர்தான் தப்புச் செய்தவர் மாதிரி சொன்னார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் என்னை மாதிரி ஆட்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. குடிப்பவன் ஊதி விடுகிற புகையோடு, சிகரெட் நுனியில் சும்மா எரிகிற புகையும் சேர்ந்துதான் பக்கத்தில் இருப்பவர் நெஞ்சுக்குள் போகிறது. குடிக்காதவருக்கும் அதனால் நுரையீரல் புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும், பக்கவாதம் வரும். குழந்தைகளுக்கு வீசிங், அடிக்கடி சளி, காதில் சீழ். இந்த அளவு பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. அடுத்த அறையில் குடித்தாலும் கதவிடுக்கில் வரும். ஃபேன் போட்டாலும், ஜன்னல் திறந்தாலும், ஊதுபத்தி கொளுத்தினாலும் போகாது. கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் மணிக்கணக்கில் அறையில் இருக்கும். திரைச்சீலை, மெத்தை, சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் படிந்திருக்கும். வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் யாரும் குடிக்கவே கூடாது, அது ஒன்றுதான் வழி.

"அப்ப இதுக்கு நான்தான் காரணமுங்களா?" என்று கேட்டேன்.

"இது ஒண்ணுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. பஞ்சும் சேர்ந்திருக்கலாம். ஆனா சாத்துன ரூமுக்குள்ள அத்தனை வருஷம் இருந்தது சின்ன விஷயம் இல்லை சார்."

பஞ்சும் சேர்ந்திருக்கலாம். வராந்தாவுக்கு வந்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் மனசு அந்தப் பாதித் தப்பைப் பஞ்சின் தலையில் கட்டிவிடப் பார்த்தது. த்தூ என்று எனக்கே இருந்தது. பஞ்சோடு வருஷக்கணக்கில் கிடக்கிற என் டெய்லர்களுக்கெல்லாம் துணி மாஸ்க் வாங்கிக் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான். அதையும் முன்பே செய்யவில்லை.

குழாய் போடாமலே தப்பித்தாள். ஐந்தாம் நாள் மாஸ்க்கைக் கழற்றி, மூக்கில் மெல்லிய ஆக்சிஜன் குழாய் மட்டும் வைத்தார்கள். முகத்தில் மாஸ்க் அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. நான் துவைத்த சட்டை போட்டு, கை கழுவி, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தேன்.

"ஏன் புள்ள அப்படிப் பொய் சொன்ன?"

நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நீங்க லேபர்கிட்டப் பீடியப் புடுங்கறவரு... இந்த ஊர்ல ஆராச்சும் உங்கள ஒரு சொல்லு சொல்லிப்போடக் கூடாதுல்லீங்க."

நான் அழுதேன். ஆண்பிள்ளை அழுததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதில் கூச்சப்பட வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

கலாமணி வீடு திரும்புவதற்கு முன்னால் நித்யாவும் நானும் புகை ஏறிய சாமானையெல்லாம் வெளியேற்றினோம். திரைச்சீலைகள், மெத்தை, சோபா எல்லாம் போனது. சுவரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தபோது துணி டீ டிகாக்ஷன் நிறத்துக்கு மாறியது. காலண்டரை எடுத்த இடத்தில் மட்டும் சுவர் பழைய வெள்ளையாக இருந்தது. நித்யா அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "வெள்ளையடிக்கணுமுங்கப்பா" என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சிகரெட்டை விடுவதற்கு டாக்டர் நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார், ஆலோசனைக்கும் வரச் சொன்னார். ஷிப்ட் முடிகிற நேரத்தில் லேபர் எல்லோரையும் நிற்க வைத்து, இத்தனை வருஷம் மேலே ஜன்னலைச் சாத்திக்கொண்டு நான் செய்தது இது, உங்கள் வீட்டில் யாரும் செய்யாதீர்கள் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். பீகாருக்குத் திரும்பிவிட்ட அந்த ஆளுக்கும் போன் செய்து பார்த்தேன், எண் மாறிவிட்டது.

விட்டுவிட்டேன் என்று எழுதி முடிக்க ஆசைதான். இந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை வழுக்கினேன். இரண்டாவது, போன வாரம். ஒரு லாட் தள்ளிப்போன கோபத்தில் டீக்கடைப் பக்கம் போய் ஒன்று குடித்துவிட்டேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டு, படியடியில் இருக்கிற அந்தச் சின்ன அறைக்கு வந்தேன். அவள் சீலை தொங்கிய ஆணியில் இப்போது என் மாற்றுச் சட்டை தொங்குகிறது. வெளியே போய் வந்தால் மாற்றிக்கொண்டுதான் மேலே ஏறவேண்டும் என்று நித்யா போட்ட சட்டம்.

சட்டையைக் கழற்றும்போது கலாமணி படியில் மெதுவாக இறங்கி வந்தாள். இப்போதெல்லாம் பதினெட்டுப் படிக்கு ஒரு இடத்தில்தான் நிற்கிறாள். கதவருகே வந்ததும் நின்றாள். மூக்கு லேசாக விரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு என்னையச் சீலைய மாத்தச் சொன்னீங்கல்ல. கொழந்தைகளுக்கு ஆகாதுன்னு. எனக்கும் ஆகாதுன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுந்தானுங்க?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. டாக்டர் அறையில் அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு விநாடி ஞாபகம் வந்தது.

"தெரியும் கலா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். வெகுநாளாகத் தெரிந்த ஒன்றை நான் வாயால் சொல்வதற்காகத்தான் காத்திருந்தவள் மாதிரி. நான் கழற்றிய சட்டையைக் கையால் தொடாமல் அங்கிருந்த குச்சியால் எடுத்து வாளியில் போட்டாள்.

"குளிச்சுட்டு மேல வாங்க" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேற ஆரம்பித்தாள்.